ஹெல்மெட்டில் பிளாஷ் கட்டிக் கோமாரி வானத்தில் குதித்தபோது

சென்ற ஆகஸ்ட் விடுமுறைக்கு நான் ஊருக்குப் போனதற்குக் காரணம் என் ராத்தா. மூத்த சகோதரியை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவோம். இலங்கையின் கிழக்கில், கல்முனைக்குப் பக்கத்துச் சாய்ந்தமருதில் கணித ஆசிரியை. வயது நாற்பத்தேழு. கிழக்குக் கரையில் ஒரு வெளிநாட்டுக் குழு இரண்டு வாரம் ஸ்கைடைவிங் நடத்தப்போகிறது என்ற விளம்பரத்தை முகநூலில் கண்டு எனக்கு அனுப்பியவரும் அவர்தான். கூடவே ஒரு குரல் பதிவு.

"தம்பி, கூட்டிக்கொண்டு பாயிற ஆக்கள்ல பொம்புள ஒராளும் இரிக்காவாம். அவவோட எண்டா நான் பாய்வன். நீ வந்து படம் எடுக்கணும்."

எனக்குத் துபாயில் கணக்காளர் வேலை. வார இறுதியில் அங்குள்ள ஒரு ஸ்கைடைவிங் மைதானத்தில், புதிதாகக் குதிப்பவர்களை வானத்திலேயே படம் எடுக்கிறேன். அவர்கள் பயிற்சியாளரோடு சேர்த்துக் கட்டப்பட்டு இருவராகக் குதிப்பார்கள். நான் என்னுடைய பாராசூட்டோடு தனியாகக் குதித்து, அவர்களுக்கு முன்னால் இரண்டு மூன்று மீற்றர் தூரத்தில் விழுந்துகொண்டே எடுப்பேன். கெமரா ஹெல்மெட்டில் இருக்கும். இரண்டு கையும் பறப்பதற்கு வேண்டும் என்பதால், வாயில் வைத்திருக்கும் ஒரு சின்ன சுவிட்சைப் பல்லால் கடித்தால் படம் விழும். இதையெல்லாம் செய்கிற நான் சொந்த ராத்தாவை எடுக்காமல் விடலாமா? குழுவுக்கு எழுதினேன். என் குதிப்புப் பதிவுகளைப் பார்த்துவிட்டுச் சம்மதித்தார்கள். ஆனால் மாலை நாலரை மணிக் குதிப்பில்தான் இடம் இருந்தது.

அங்கேதான் பிளாஷ் வந்தது. மாலையில் குதிப்பவரின் முதுகில் வெயில் விழும், முகம் நிழலில் கிடக்கும். பின்னால் வானம் பளீரென்று இருப்பதால் கெமரா வானத்தை நம்பி முகத்தைக் கறுப்பாக்கிவிடும். எங்கள் நிறத்துக்கு அது இன்னும் மோசம். துபாயில் நான் எடுத்த இப்படியான ஒரு மாலைப் படத்தில் ஆளின் பல் மட்டும்தான் தெரிந்தது. இந்த முறை அந்தக் கறுப்பு வேண்டாம் என்று, ஹெல்மெட்டின் இடப்பக்கம் ஒரு வெளிப் பிளாஷைப் பொருத்தினேன். ஏறக்குறைய நானூறு கிராம்.

பயணத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கட்டுநாயக்க விமான நிலையத்தில் பாராசூட் பையையும் ஹெல்மெட்டையும் கையிலேயே கொண்டுவந்தேன். லித்தியம் பற்றரிகளைக் கட்டாயம் கைப்பையில்தான் வைக்கவேண்டும். சுங்கத்தில் ஒருவர் ஹெல்மெட்டைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது என்ன இயந்திர மனிதன்ட தலையா என்று கேட்டார். குதிக்கும் படங்களைக் கைபேசியில் காட்டியதும் பக்கத்து மேசைக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினார். கொழும்பிலிருந்து கல்முனைக்குக் குளிரூட்டிய பகல் பஸ் எடுத்தேன். ஏறக்குறைய முந்நூற்றைம்பது கிலோமீற்றர், ஒன்பதரை மணித்தியாலம், 2,800 ரூபாய். இடப்பக்க ஜன்னல் கிடைத்தால் எடுங்கள். மலையிறக்கம் முடிந்ததும் வரும் வயல்வெளி அந்தப் பக்கம்தான் அழகு.

அடுத்த நாள் பின்னேரம் வீட்டு மாடியில் ராத்தாவை வெயிலுக்கு முதுகு காட்டி நிற்கவைத்துச் சோதித்தேன். பிளாஷ் இல்லாமல் ஒன்று, முழுப் பலத்தில் ஒன்று, கால் பலத்தில் ஒன்று. முழுப் பலத்தில் முகம் மாவு பூசியது போல் வந்தது. தவிர, ஒருமுறை அடித்தால் மறுபடி தயாராகப் பல விநாடிகள் எடுக்கும். வானத்தில் எனக்குக் கிடைப்பதே அரை நிமிடம். கால் பலம் போதும் என்று முடிவுசெய்தேன். ராத்தாவின் கணவர், கல்முனையில் புடவைக்கடை வைத்திருக்கும் என் மச்சான், ஒரு கதிரையில் இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த லைட்டு கழண்டு விழாதா?" என்றார்.

"கழட்டுறதுக்குத்தான் மச்சான் இந்தக் கயிறு. பாராசூட் நூல் இதுல சிக்கினா, இழுத்தா பிளாஷ் மட்டும் கழண்டு போகும். இல்லாட்டி என்ட கழுத்துப் போகும்."

"கழண்டா எங்க போகும்?"

"கீழ."

 நான் அதற்குமேல் யோசிக்கவில்லை. துபாயில் கீழே இருப்பது மணல் மட்டும்.

குதிக்கும் நாளில் நியாஸின் வேனைப் பிடித்தோம். நியாஸ் மச்சானின் கடைக்குச் சாமான் ஏற்றுகிறவர். நாள் முழுவதற்கும் எரிபொருளோடு 16,000 ரூபாய். பகல் ஒன்றரைக்குச் சாய்ந்தமருதிலிருந்து காரைதீவுச் சந்திக்கு வந்து, மேற்கே திரும்பி அம்பாறை வீதியில் போனோம். விமானம் ஏறும் ஓடுதளம் அம்பாறைப் பக்கம். இறங்கும் இடமோ திருக்கோவிலுக்கும் பொத்துவிலுக்கும் இடையில் உள்ள கோமாரிக் கடற்கரை. என்னையும் ராத்தாவையும் ஓடுதளத்தில் இறக்கிவிட்டு, மச்சானும் நியாஸும் அக்கரைப்பற்று வழியாகக் கோமாரிக்குப் போனார்கள். நீங்கள் போவதானால் இந்த ஒழுங்கைக் கவனியுங்கள்: ஏறும் இடமும் இறங்கும் இடமும் வேறு, வாகனம் இறங்கும் இடத்தில் காத்திருக்கவேண்டும்.

ராத்தாவைக் கூட்டிக்கொண்டு குதிக்கவிருந்தவரின் பெயர் லூசியா. நல்ல உயரம், குறைந்த பேச்சு. தலைமறைப்பை இறுக்கிக் கட்டி அதன்மேல் ஹெல்மெட்டைப் போட்டு, ஒரு நுனியும் காற்றில் ஆடாதபடி ராத்தாவின் கழுத்தைச் சுற்றி அவரே செருகிவிட்டார். பிறகு என் ஹெல்மெட்டைப் பார்த்தார். பிளாஷின் விளிம்பெல்லாம் ஒட்டுநாடாவால் மூடியிருக்கிறதா என்று விரலால் தடவினார். கீழ்ப்பக்கத்தில் ஓர் இடத்தில் விரலை நிறுத்தி, இங்கே இடுக்கு இருக்கிறது என்றார். அந்த இடத்தில் இன்னொரு துண்டு நாடா ஒட்டினேன். அவருக்கு முழுத்திருப்தி இல்லை என்பது தெரிந்தது.

அன்று கச்சான் பலமாக அடித்தது. மேற்கிலிருந்து கடலை நோக்கி வீசும் எங்கள் கோடைக்காற்று. அதனால் விமானம் எங்களைக் கடற்கரைக்கு நேர் மேலே விடாமல், மேற்கே வயல்களுக்கும் வீடுகளுக்கும் மேலே விடும், பாராசூட் விரிந்தபின் காற்றே எங்களைக் கரைக்குக் கொண்டுபோகும் என்று விளக்கினார்கள். தலையாட்டினேன்.

பத்தாயிரம் அடியில் கதவு திறந்தது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் அறுவடை நடக்கும் வயல்கள் மஞ்சளும் பச்சையுமாக. ராத்தாவின் உதடு அசைந்துகொண்டே இருந்தது. நான் முதலில் வெளியே தொங்கினேன். லூசியா தலையசைத்தார். மூன்று பேரும் ஒன்றாக விழுந்தோம்.

அந்த அரை நிமிடத்தைப் பற்றி எழுத நிறைய இருந்தாலும், உண்மையில் நான் ராத்தாவை ராத்தாவாகப் பார்க்கவில்லை. தூரம், வெயிலின் பக்கம், கடி, எண்ணு, கடி. பிளாஷ் அடித்த ஒவ்வொரு முறையும் அவர் முகம் ஒரு கணம் தெளிந்து வந்தது. லூசியா பாராசூட்டைத் திறந்ததும் அவர்கள் இருவரும் மேலே உறிஞ்சப்பட்டதுபோல் போனார்கள். நான் என்னுடையதைத் திறந்தேன்.

திறக்கும்போது தலை நேராக இருக்கவேண்டும். முதல் நாளே சொல்லித்தரும் விதி. நான் மேலே திரும்பி, விரிந்த பாராசூட்டின் கீழ் அவர்கள் தொங்குவதை இன்னொரு படம் எடுக்கப் பார்த்தேன். அந்த நேரத்தில் என் பாராசூட்டின் நூல் ஒன்று பிளாஷின் கீழ் இடுக்கில் நுழைந்துவிட்டது. தலை இடப்பக்கம் வெடுக்கென்று இழுபட்டது. பாராசூட் முழுதாக விரியாமல் ஒரு பக்கமாகச் சுழலத் தொடங்கியது. சுழலும் ஒவ்வொரு சுற்றுக்கும் கழுத்து இன்னும் இறுகியது. ஒரு சுற்று, இரண்டு சுற்று. கையால் நூலை எடுக்கமுடியவில்லை. கயிற்றைத் தேடி இழுத்தேன். சட்டென்று கழுத்து லேசானது. பாராசூட் நேரானது.

உயிர் தப்பினேன் என்ற நினைப்பு வர ஒரு மூச்சு எடுத்தது. அடுத்த மூச்சில் கீழே பார்த்தேன். எனக்குக் கீழே மணல் இல்லை. ஒரு குளம், தகரக் கூரைகள், வயல், வயலுக்குள் ஒரு சிவப்பு உழவு இயந்திரம்.

கடற்கரையில் இறங்கிப் பாராசூட்டைச் சுருட்டி எடுத்தபோது, எனக்குப் பின்னால் வந்திறங்கிய ராத்தா மணலில் குந்தியிருந்து சிரித்துக்கொண்டிருந்தார். மச்சான் பக்கத்தில் நின்று அவருடைய ஹெல்மெட்டைக் கழற்ற முயன்றார். நான் நேரே லூசியாவிடம் போய்ச் சொன்னேன். அவர் என் முகத்தையும் ஹெல்மெட்டின் வெறும் பக்கத்தையும் பார்த்துவிட்டு, வோக்கிடோக்கியில் அடுத்த குதிப்பை நிறுத்தச் சொன்னார். ராத்தா எழுந்து வந்தார்.

"என்ன தம்பி, ஏன் ஒரு மாதிரி நிக்கிறாய்?"

"பிளாஷ் கழண்டு விழுந்திட்டுது ராத்தா. வீடு இரிக்கிற பக்கம்."

அவர் சிரிப்பு நின்றது. குதிக்கும் உடையைக் கழற்றி, மச்சான் வேனில் கொண்டுவந்திருந்த அபாயா அங்கியைப் போட்டுக்கொண்டு, "நட, போவம்" என்றார்.

ஹெல்மெட்டில் இன்னொரு சின்ன வீடியோக் கெமராவும் இருந்தது. வேனுக்குள் அதை ஓடவிட்டுப் பார்த்தோம். கழன்ற இடத்துக்குக் கீழே அந்தக் குளத்தின் கட்டும் பக்கத்தில் ஒரு வளைவுப் பாதையும் தெரிந்தன. நியாஸ் உடனே இடத்தை அடையாளம் கண்டுகொண்டார். பிரதான வீதியில் ஒரு கடையில் நிறுத்தி, மேலே இருந்து ஏதும் விழுந்ததாகக் கேள்விப்பட்டீர்களா என்று கேட்டோம்.

"விழுந்தது தெரியா," என்றார் கடைக்காரர். "ஆனா கொஞ்சத்துக்கு முன்ன அம்புலன்ஸ் ஒண்டு போச்சு. வயலுக்க ஆருக்கோ தலையில அடியாம். பொத்துவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்களாம்."

 நாங்கள் சொல்லாமலே நியாஸ் வேனைத் தெற்கே, பொத்துவில் பக்கம் திருப்பினார். கோமாரியிலிருந்து பொத்துவிலுக்குப் பன்னிரண்டு கிலோமீற்றரளவு. அந்த வீதி அழகான வீதி என்று பலர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை. நானூறு கிராம் பற்றரியும் கண்ணாடியும் அந்த உயரத்திலிருந்து ஒரு மனிதரின் தலையில் விழுந்தால் என்ன ஆகும் என்பது மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. அந்த மனிதருக்குப் பிள்ளைகள் இருப்பார்கள். நான் என்ன சொல்லி அவர்கள் முன்னால் நிற்பது? பின்சீற்றில் ராத்தா மெல்லிய குரலில் ஓதிக்கொண்டிருந்தார். மச்சான் ஒரு கையை என் தோளில் வைத்து அப்படியே விட்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் ராத்தாதான் முன்னால் போனார். தாதி ஒருவரிடம் விசாரித்து, எங்களை ஒரு நீளமான மர வாங்குக்குக் கூட்டிப்போனார். அங்கே நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், தலையில் கட்டோடு நிமிர்ந்து இருந்து பால் இல்லாத பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் மச்சினன்.

"எப்பிடிப் பட்டது?" என்று கேட்டார் ராத்தா.

"நெல்லு வெட்டுற மிசின்ட கதவு, டீச்சர். நான் குனியக்குள்ள திறந்து வந்து அடிச்சிட்டு. நாலு தையல்." ராத்தாவை டீச்சர் என்று எப்படிக் கண்டுபிடித்தார் என்பது இன்னும் எனக்குப் புரியவில்லை. அவர் நிற்கும் தோரணையாக இருக்கலாம்.

"எத்தின மணிக்கு?"

"மூணு மூணரை இரிக்கும்."

நான் பிளாஷைக் கழற்றியது நாலே முக்கால் போல். சுவரில் சாய்ந்துகொண்டேன். பிறகு அப்படியே கீழே குந்திவிட்டேன். காயப்பட்டவர் பதறி, "தம்பிக்கு என்ன?" என்றார். ராத்தா விஷயத்தைச் சொன்னார். அவர் தலையிலிருந்த கட்டைத் தடவிப் பார்த்தார்.

"அவ்வளவு மேல இருந்து என்ட தலையில விழுந்திருந்தா, நான் இஞ்ச இரிந்து ஒங்களோட கதைப்பனா?" என்றார். மச்சினன் பக்கம் திரும்பி, "வயலுக்கு ஒரு போன் எடுத்துக் கேளுடா" என்றார்.

மச்சினன் வெளியே போய்ப் பேசினார். திரும்பி வரும்போதே கையை ஆட்டிக்கொண்டு வந்தார். "ஆருக்கும் ஒண்டுமில்ல. யோகமக்காட வயலுக்க கறுப்பா லைட் மாதிரி ஒரு சாமான் விழுந்து கிடக்காம். எடுத்து வெச்சிரிக்காவாம்."

ராத்தா "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லி முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். அவர் அழுததை நான் பல வருடங்களுக்குப் பிறகு அன்றுதான் பார்த்தேன். எனக்கு அழுகை வரவில்லை. பசி வந்தது. அப்படி ஒரு பசி. ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிரே இருந்த கடையில் நாலு பேரும் நின்றபடியே ரோல்ஸும் சூடான பால்தேத்தண்ணியும் எடுத்தோம். நியாஸ் ஐந்து ரோல்ஸ் சாப்பிட்டார். 

யோகமக்காவின் வயலுக்கு நாங்கள் போகும்போது வெயில் தாழ்ந்துவிட்டது. அவருக்கு ஐம்பது வயதுக்குக் கிட்ட இருக்கும். தலையில் துணி சுற்றி, நெல் மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்றார். பிளாஷை ஓர் உரப்பையில் சுற்றி வைத்திருந்தார். கண்ணாடி நொறுங்கி, பற்றரி மூடி பறந்து, உள்ளே முழுக்கச் சேறு. விழுந்த இடத்தைக் காட்டினார். வாய்க்கால் ஓரம். ஈரமண்ணில் முழங்கை ஆழத்துக்கு ஒரு குழி.

"பருந்து மீனப் போட்டுட்டுப் போகுது எண்டுதான் நினச்சன்," என்றார். "விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் கிட்டப் போய்ப் பாத்த."

"நீங்க எங்க நிண்டீங்க அக்கா?" என்று கேட்டேன்.

"நான் அந்த வரம்புல. பிளேன் சத்தம் கேட்டதும் மத்த ஆக்கள் எல்லாம் உங்கட பாராசூட் பாக்க ரோட்டுக்கு ஓடிட்டாங்க. வேல கிடக்க எங்க ஓடுறீங்க எண்டு நான் ஏசினன்." குழியைப் பார்த்தார். "அவங்க ஓடாட்டி, தம்பி, இதுலதான் ஒம்பது பேரும் குனிஞ்சு நிண்டு மூட்டை கட்டியிரிப்பாங்க."

 மன்னிப்புக் கேட்டேன். அவர் அதை லேசாக எடுத்துக்கொள்ளவுமில்லை, பெரிதாக்கவுமில்லை.

"பாயிறது உங்கட விருப்பம். பாக்க வடிவாத்தான் இரிக்கி. ஆனா கீழ நாங்க இரிக்கம் எண்டு மேல ஏறக்குள்ள யோசிக்கணும்."

ராத்தா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் வரம்பில் தள்ளி நின்று நெடுநேரம் கதைத்தார்கள். என்ன கதைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. புறப்படும்போது ஒருவர் கைபேசி இலக்கம் மற்றவரிடம் இருந்தது.

அடுத்த நாள் குழுவோடு இருந்து பேசினோம். வயல்களுக்கு மேலே விடும் குதிப்புகளில், ஹெல்மெட்டில் கழன்று விழக்கூடிய எதுவும் வேண்டாம் என்று முடிவாகியது. அதை முதல்நாளே சொல்லியிருக்கவேண்டிய ஆள் நான். லூசியா என்னைக் கடிந்துகொள்ளவில்லை. அந்த இடுக்கைத் தானும் இன்னும் நன்றாகப் பார்த்திருக்கவேண்டும் என்றார்.

இதே மாதிரி முயற்சி செய்ய நினைப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். வெளிப் பிளாஷால் பலன் உண்டு, அதை மறுக்கமாட்டேன். ஆனால் மூன்று மீற்றருக்குள் நின்றால்தான் அதன் வெளிச்சம் முகத்துக்குச் சேரும். ஷட்டர் வேகத்தை இருநூற்றில் ஒரு விநாடிக்கு மேல் ஏற்றமுடியாது, ஏற்றினால் படத்தில் ஒரு பட்டை கறுப்பாக வரும். கால் பலத்தில் வைத்துப் புதுப் பற்றரி போடுங்கள். நூல் புகும் எந்த இடுக்கையும் நாடாவால் மட்டும் நம்பி விடாதீர்கள், மூடி போட்டு அடையுங்கள். உங்கள் பாராசூட் முழுதாக விரியும் வரை தலையைத் திருப்பாதீர்கள். பிளாஷைக் கயிறு போட்டு உடம்போடு கட்டினால் விழாது என்று சிலர் சொல்வார்கள். அந்தக் கயிறே இன்னொரு சிக்கல். ஆகவே கழன்று விழும் வகைதான் குதிப்பவருக்குப் பாதுகாப்பு, கீழே இருப்பவருக்கு ஆபத்து. இரண்டுக்கும் நடுவில் எனக்குத் தெரிந்த ஒரே வழி, வெறும் மணலுக்கோ கடலுக்கோ மேலே மட்டும் அதைக் கட்டுவது. ஊருக்கு மேலே என்றால் காலை வெயிலில் குதியுங்கள், முகத்தை வெயில் பக்கம் திருப்பி எடுங்கள். செலவும் இல்லை, விழுவதற்கும் ஒன்றுமில்லை.

பிளாஷ் அடித்த படங்களில் மூன்று நன்றாக வந்திருந்தன. ராத்தா தேர்ந்தெடுத்ததில் அவர் கண் மூடியிருக்கிறது, வாய் பாதி திறந்திருக்கிறது, கன்னம் காற்றில் அலைபோல் போயிருக்கிறது. இதைவிட நல்லது இருக்கிறதே என்றேன். "ஓதிக்கொண்டிருந்த நேரம் இது. இதுதான் வேணும்" என்றார். மச்சான் அதைப் பெரிதாக அடித்துக் கல்முனைக் கடையில், காசு வாங்கும் மேசைக்கு மேலே மாட்டியிருக்கிறார்.

ராத்தா அந்தப் படத்தை யோகமக்காவுக்கும் அனுப்பினார். நான் துபாய்க்குத் திரும்பப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது பதில் குரல் பதிவாக வந்தது. பின்னால் மிசின் இரைந்துகொண்டிருந்தது.

"டீச்சர், படம் வடிவா இரிக்கி. அடுத்த தரம் பாயிற நாளச் சொல்லுங்க. வேலய நிப்பாட்டிட்டு எல்லாரும் கடக்கரைக்கு வந்து நிக்கிறம்."